ஒரு ஏக்கரும் முப்பத்திரண்டு பேர்ச்சும்

கந்தளாய்க் குளம் இறங்கிப் போயிருந்தது.
இந்தச் சிறுபோகத்துக்கு
ஐந்தில் இரண்டு பங்கு வயலுக்குத்தான் தண்ணீர் என்று
எஞ்சினியர் வாசித்து முடித்தபோது
கமநல நிலையத்தில் மின்விசிறி மட்டும் பேசியது.

பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

பெத்ம என்று முடிவாயிற்று.
சிங்களச் சொல். தம்பலகாமத்தில் யாரும்
அதை மொழிபெயர்க்க மினக்கெட்டதில்லை.
தண்ணீர் எட்டுகிற மேல்வாய்க்கால் நிலத்தை
எல்லாருக்குமாகக் கூறு போடுவது.
ஒரு போகத்துக்கு உன் வயல் உன்னுடையதல்ல.
அறுத்த பிறகு அவரவர் வரம்பு அவரவருக்கு.

எனக்கு வரம்பு இல்லை. நான் குத்தகைக்காரி.
ரொறன்ரோவில் இருக்கும் கனகசூரியத்தாரின் மூன்று ஏக்கரை
நாலு வருசமாகச் செய்கிறேன்.
ஏக்கருக்கு எட்டு மூடை, அன்றைய ஆலை விலைக்கு,
காசு அவர் தங்கச்சியின் கணக்கில்.

பால்மா டின்னுக்குள் கையை விட்டேன்.
முப்பத்தேழு.
செயலாளர் நிசாம்டீன் டேப்பை இழுத்துப் பிடித்து
நாலு பூவரசங்கட்டைகளை முளையாக அடித்துத் தந்தார்:
மூன்று ஏக்கருக்குப் பங்கு
ஒரு ஏக்கரும் முப்பத்திரண்டு பேர்ச்சும்.

அது சகாப்தீன் காக்காவின் வயல்.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
வாய்க்கால் கட்டில் நின்றார்,
தன் நிலத்தில் எட்டுப் பேர் முளை அடிப்பதைப் பார்த்தபடி.
"புள்ள, மேற்கு மூலை கொஞ்சம் உவரு.
எருவக் கூடப் போடு" என்றார்.
அவருக்கு விழுந்ததோ வேறு யாருடையதோ துண்டு.
அங்கே எந்த மூலை உவர் என்று
அவருக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இரவு குத்தகை பேசினேன்.
விதைக்கிற அளவுக்குத்தான் தரலாம் ஐயா.
"குளம் வத்தினது என்ர பிழையா?"
"என்ர பிழையுமில்ல."
ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது கணக்கு.
பத்தாக்கி விடு, முழுசா இருக்கட்டும் என்றார்.
முழுசு எப்போதும் என் பக்கத்திலிருந்துதான் போகும்.

பயிர் குடலை தள்ளுகிற நாளில் வீடியோவில் வந்தார்.
"வயலைக் காட்டு."
போனைத் திருப்பினேன். சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள், "அந்த மருதமரம்!" என்றார்.
"அதிலதான் அப்பா சைக்கிளைச் சாத்துறவர்.
அந்த மதகில விழுந்துதான்
எனக்கு நாடி கிழிஞ்சது, இஞ்ச பார்."
நாடியைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.
தழும்பு திரை முழுக்க நின்றது.

தழும்பு உண்மை.
மருதமரம் சகாப்தீன் காக்காவினுடையது.
மதகு போன வருசம் கட்டியது,
சீமெந்தில் திகதிகூடப் பதித்திருக்கிறது.
திகதி தெரியாமல் போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

அவருடைய மூன்று ஏக்கரும்
இரண்டு மைல் கீழே வெடித்துக் கிடந்தன.
கழுத்தில் கயிறில்லாத மாடுகள் சில படுத்திருந்தன.
அங்கே மரமே இல்லை.

மூக்கை உறிஞ்சிவிட்டு அவர் கேட்டார்:
"மேற்கு மூலை ஏன் மஞ்சளாக் கிடக்கு?"
"உவர், ஐயா."
"எங்கட வயலில உவர் இல்லையே."
"இந்த வருசம் இருக்கு."

இருபத்தொன்பது மூடை.
பத்து அவருக்கு. மெசின்காரனுக்கு, உரக்கடைக்கு,
சம்மேளனத்துக்கு என்று போக
மிஞ்சியதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்,
கடன்காரர் காதில் விழும்.

முளைகளைப் பிடுங்க நிசாம்டீன் வரவில்லை.
நாங்களே போனோம், சகாப்தீன் காக்காவும் நானும்.
வாய்க்கால் பக்கத்து முளை முளைத்திருந்தது:
மூன்று இலை, நாலாவது சுருளாக.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் வாய்க்காலைப் பார்த்தேன்.
இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அசைத்தோம்.
லேசில் வரவில்லை.

மருதமரத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு,
பெரிசாக்கிச் சுவரில் மாட்டப் போறன் என்று
கனகசூரியத்தார் மூன்று தரம் எழுதிவிட்டார்.
படம் எடுத்து வைத்திருக்கிறேன்.
சகாப்தீன் காக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.