சுவர்ப் பக்கம்

ஆபீசர்ஸ் லைன் கடையில்
மூடியைத் திறக்காமலே சொன்னார்கள்:
"மதர்போர்டு போச்சு மேடம், எட்டாயிரம் ஆகும்.
வச்சிட்டுப் போங்க.
பாஸ்வேர்டை இந்தச் சீட்டுல எழுதிடுங்க."

லேப்டாப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.
உள்ளே லாட்ஜ் கணக்கு,
சிஎம்சிக்குக் கொல்கத்தாவிலிருந்து வந்தவர்களின்
ஆதார் நகல்கள்,
யாருக்கும் சொல்லாமல்
நான்காம் முறை திருத்திய
என் விவாகரத்து மனு.

சத்துவாச்சாரியில்
பரோட்டாக் கடைக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவே
ஓர் ஆள் நிற்கும் அகலம்
முனிரத்தினத்தின் கடை.
என் கண்ணெதிரிலேயே கழற்றினார்.
திருகாணிகளை டப்பா மூடியில்
கழற்றிய வரிசையில் வைத்தார்.
ஃபேனுக்குள் தலையணைப் பஞ்சு மாதிரி அழுக்கு,
செத்த எறும்புகள்.
"வேலூர் வெயிலு. நமக்கே மூச்சு முட்டுது,
அதுக்கு முட்டாதா?"

திரை எழுந்து பாஸ்வேர்டு கேட்டது.
"நீங்களே போடுங்க" என்று
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அங்கே போன வருஷக் காலண்டர்.
இரண்டு தடவை நான் தப்பாக அடித்து
மூன்றாவதில் திறக்கும் வரை
அதில் ராகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்நூற்றைம்பது ரூபாய்.
ஜிபே சுற்றிக்கொண்டே நின்றது.
"நாளைக்கு அனுப்புங்க" என்றார்,
என் நம்பரைக் கேட்காமல்.