மெயினை இறக்கிவிட்டு

"பயணத்துக்கா, ஆபத்துக்கா?"
கேட்டுக்கொண்டே நஜ்முதீன் பாய்
கண்ணாடிப் பலகைமேல் மூன்று ரேடியோவை நிறுத்தினார்.
முத்துப்பேட்டை, மதியம் மூணேகால்.

எனக்கு இரண்டும் ஒன்றுதான் பாய்.
எங்கே கம்பம் சாய்கிறதோ
அங்கே எங்களை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள்.
ஊருக்கு அது புயல்.
வாரியத்தின் ரசீதில் அது பயணப்படி.

முதல் பெட்டிக்குக் கைப்பிடி உண்டு.
நூறு சுற்றுக்கு ஐந்து நிமிஷம் பேசுமாம்.
பகலெல்லாம் கம்பி இழுத்த தோள்
ராத்திரி இதையும் சுற்ற வேண்டுமா,
உள்ளே வையுங்கள்.

இரண்டாவதன் முகத்தில் நீல வெளிச்சம்.
ஐநூறு நிலையத்தை ஞாபகம் வைத்திருக்கும்,
பேட்டரி உள்ளேயே அடைத்தது, கழற்ற முடியாது.
கரண்ட் இல்லாத ஊருக்குப் போகிறவன்
கரண்ட் கேட்டு அழுகிற பெட்டியை
இடுப்பில் வைத்துக்கொண்டு போவதா?

மூன்றாவது,
சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.
இரண்டு பென்சில் செல்.
தண்ணீர் ஏறாத எந்தப் பெட்டிக் கடையிலும்
கொசுவத்திக்கும் சீயக்காய்ப் பொட்டலத்துக்கும் நடுவே
அது தொங்கும்.
ஏரியலை இழுத்தால் ஒரு முழம்.
சக்கரத்தின் பற்களை
இருட்டில் கட்டைவிரல் எண்ணிக்கொள்ளும்.

சிற்றலையில் வைத்துத் திருப்பினேன்.
உள்ளே குளவிக் கூடு.
தலைக்கு மேல் ட்யூப்லைட்,
அடுத்த கடை ஜெராக்ஸ்,
எதிரே வெல்டிங் பட்டறை,
கோரையாற்றுப் பக்கம் எவனோ போட்ட மோட்டார்,
எல்லாம் ஒரே வாயில் இரைந்தன.
"சரக்கு நல்ல சரக்குதான்" என்றார் பாய், முகம் சுருங்கி.
தெரியும் பாய்.
மெயினை இறக்குங்கள்.

இறக்கினார். ஃபேன் மெல்ல நின்றது.
இரைச்சல் கால்வாசி குறைந்தது.
தெரு இன்னும் இருந்தது அதில்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
மூன்றரைக்கு அமிர்தகடேசன் லைனை நிறுத்துவான்,
கம்பியில் உரசும் தென்னை மட்டைகளை வெட்ட.
பத்து நிமிஷம், எழுத்தில் அனுமதி உண்டு.
அந்த நேரம் பார்த்துத்தான்
ரேடியோ வாங்க வந்தேன் என்று
பாயிடம் சொல்லவில்லை.

நின்றது.
வெல்டிங் பொறி பாதியில் அணைந்தது.
ஜெராக்ஸ்காரர் யாரையோ திட்டினார்,
எங்களைத்தான்.
பெட்டிக்குள்
மழை விட்ட வயல்போல ஓர் அமைதி,
அதன் மறுகரையில் ஒரு பெண் குரல்
எனக்குத் தெரியாத பாஷையில்
எண்களாக இருக்கலாம், காற்றின் வேகமாக இருக்கலாம்,
எதையோ நிறுத்தி நிறுத்தி வாசித்தது.

இப்படித்தான் அந்தப் புயல் வருஷம்.
வேதாரண்யம் பக்கம் பதினொரு ராத்திரி.
டவர் விழுந்து செல்போன் டார்ச்சானது.
வைரக்கண்ணுவின் பழைய பெட்டியைச்
சாய்ந்த கம்பத்து ஸ்டே கம்பியில் மாட்டினோம்.
ஊரே இருட்டு,
உலகத்தில் உள்ளவர்களெல்லாம்
பக்கத்து வரப்பில் நின்று பேசினார்கள்.

பன்னிரண்டாம் நாள் டிரான்ஸ்ஃபார்மருக்கு உயிர் கொடுத்தோம்.
விசில், கைதட்டல், யாரோ சர்க்கரை கொண்டுவந்தார்கள்.
தெருவிளக்கு எரிந்த அதே நொடி
ரேடியோவில் குளவிகள்.
வைரக்கண்ணு என்னைப் பார்த்தான்.
நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
வாய் நிறைய சர்க்கரை,
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன ஊருங்க அது?"
பாய் பலகைமேல் குனிந்து காது வைத்தார்.
இருங்கள், இப்போது சொல்லுவாள்.
நிலையத்தின் பெயரை எப்போதும் கடைசியில்தான் சொல்லுவார்கள்.
குரல் மூச்சு இழுத்தது,
ஒரு வார்த்தை தொடங்கியது.

தெருவெல்லாம் விளக்கு.

"கரண்ட் வந்துருச்சு!" சிரித்தபடி பாய் மெயினைத் தூக்கினார்.
ஆயிரத்து எழுநூறில் நூறு குறைத்தார்,
செல் இரண்டும் சும்மா.

போன் அடித்தது. அமிர்தகடேசன்.
"எட்டே நிமிஷத்துல முடிச்சுட்டேண்ணே,
எப்படி?"