பெற்றுக்கொண்டேன்

இடுப்பு முறிந்து வந்தவர்கள் அறுபத்துநான்கு பேர்,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஓராண்டு முடிந்ததும் ஒவ்வொருவராய்க் கூப்பிட வேண்டும்,
ஆய்வேட்டுக்காக.
வெட்டியதும் கம்பி இறக்கியதும் பெரிய டாக்டர்.
நான் சதையை விலக்கும் கொக்கியைப்
பிடித்துக்கொண்டு நின்றவள்.

யாரும் பெரிய உயரத்திலிருந்து விழவில்லை.
முக்கூடல் பேச்சித்தாய் பீடித்தட்டைத் தாண்டினாள்.
ஏர்வாடி செய்யது பாத்துவுக்கு ஒளு எடுத்த ஈரம்.
முப்பத்தொரு வருஷம் பாபநாசம் மலைப்பாதையில்
பஸ் ஏற்றி இறக்கிய கோயில்பிச்சை
கட்டிலில் உட்கார்ந்து
செருப்பைக் காலால் தேடினார்.

எக்ஸ்ரேயில் முருங்கைக் கொப்பு மாதிரி இருந்தது.
அதில் பிள்ளைகளைக்கூட ஏற விடமாட்டோம்.

கேள்வித்தாள் எங்கோ குளிர்தேசத்தில் அச்சானது.
காலுறை மாட்ட முடிகிறதா என்கிறது.
மாற்றிக் கேட்டேன்: கால் நகம் வெட்ட முடியுதா?
"வெட்டி யாருக்குக் காட்டணும்" என்றார் மாடக்கண்ணு.
பஸ்ஸில் ஏற முடியுமா என்றால்
"நிப்பாட்டினா ஏறலாம்."
கக்கூசில் குந்த முடியுமா,
அதை மட்டும் அந்தத் தாள் கேட்கவே இல்லை.
எல்லாரும் கேட்காமலே சொன்னது அதைத்தான்.

எண் பதினேழு, சுவிட்ச் ஆஃப்.
எண் இருபத்திரண்டு, மருமகள் எடுத்தாள்:
"புறவாசல் வரைக்கும் நடக்காவ.
பேச்சுதான் நின்னுபோச்சு."
பேச்சுக்குக் கட்டம் இல்லை.

எண் முப்பது, கோயில்பிச்சையே எடுத்தார்.
கம்பில்லாமல் சந்தை வரை போய்வருகிறாராம்.
எண்பத்தெட்டு மதிப்பெண். நன்று என்று எழுதினேன்.
வைக்கப் போகையில்,
"ஒண்ணு சொல்லணும்மா.
என்னத் தூக்கித் தூக்கி உக்கார வச்சாள்லா, ஞானப்பூ,
அவ போயிட்டா.
நெஞ்சு வலிக்குன்னு சொல்லவே இல்ல.
நான் நடந்துரட்டும்னு இருந்திருக்கா."
நன்று என்பதை அழிக்கவில்லை.
அவர் நடக்கிறார்.

பதினாறு பேர் இல்லை.
பதினொருவர் முதல் மூன்று மாதத்திலேயே.
நெஞ்சுச்சளி, படுக்கைப்புண்,
ஒருவருக்கு "சாப்பாடு வேண்டாம்னுட்டாவ".
நால்வர் மேசைக்கு வருமுன்பே ஒரு வாரம் கிடந்தவர்கள்:
எக்கோ எடுக்கும் இயந்திரம் பழுது,
திருப்பூரிலிருந்து வர வேண்டிய மகனின் கையெழுத்து,
காப்பீட்டு அட்டையில் ஒரு கொம்பு விட்டுப்போன பெயர்.

உலோகம் முறிந்தது: எவருக்கும் இல்லை.
இந்தக் கட்டத்தை நிரப்பியபோது
கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் எண் ஐம்பத்தொன்று திருப்பிக் கூப்பிட்டது.
மேலச்செவல், பூலம்மாளின் மகன் நம்பிராசன்.
"அம்மை போயி நாப்பது நாளாச்சு, டாக்டரம்மா.
சாம்பல் அள்ளயில கம்பி கெடந்துது. ரெண்டு திருகும்.
ஆத்துல போட மனசு வரல.
அரசாங்கம் குடுத்த கம்பில்லா,
திருப்பித் தரணுமா?"
வேண்டாம், அது உங்களோடது என்றேன்.
"எங்களுக்கு எதுக்கு?" என்றார்.

திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்தில் வந்து நின்றார்.
செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது.
தீ அதற்கு மயில்கழுத்து நிறம் கொடுத்திருந்தது.
வளையவில்லை.
ரசீது கேட்டார்.
அப்படி ஒரு படிவம் ஆஸ்பத்திரியில் கிடையாது.
ஓ.பி. சீட்டின் பின்புறம் எழுதினேன்:
பெற்றுக்கொண்டேன், கம்பி ஒன்று, திருகு இரண்டு,
பூலம்மாள், வலது இடுப்பு.
தேதியும் போட்டேன்.
கண்ணாடியை எடுத்து மாட்டி, மெதுவாகப் படித்துவிட்டு
"எடது" என்றார்.

திருத்தினேன்.