உள்பக்கத் தேய்மானம்

டண்டினோங்கில் ஆடி மாதக் குளிர்.
கராஜின் இரும்புக் கதவு பாதிவரைதான் ஏறியிருக்கிறது.
குனிந்து உள்ளே போனேன்.
ஒரு சக்கரமில்லாமல் என் கார்
முழங்காலில் நிற்கிறது.

வீட்டை விற்றுப் பாதியாக்கினோம்.
கடன், கட்டில், கறிச்சட்டி,
எந்தச் சிநேகிதர் யார் பக்கம் என்பது வரைக்கும்
பாதியாக்கினோம்.
இரண்டே இருக்கையுள்ள இந்தச் சிவப்பை மட்டும்
வக்கீலுக்கும் பிரிக்கத் தெரியவில்லை.
ஒரு கிழமை எனக்கு, மறுகிழமை ரூபனுக்கு.
ஞாயிறு மாலை ஐந்துக்கு
கோல்ஸ் கடை வாகனத் தரிப்பிடத்தில்
சாவி கைமாறும்,
கை படாமல்.

இருபது நாளாய் ஒரு கீச்சல்.
முதலில் ரேடியோ என்று நினைத்தேன்.
பிறகு ரூபன் என்று.
வளைவுக்குள் நுழைந்த பிறகுதான்
அவருக்கு பிரேக் ஞாபகம் வரும்.
பிலிப் தீவு ஓட்டத்தடத்தில் மாதம் ஒருநாள்
காசு கட்டி அதைத்தான் பழகுகிறார்.
அவரோ, நான் மிதித்த காலை
எடுப்பதே இல்லை என்கிறார்.
"நூறு மீட்டருக்கு முன்னமே பயப்பிடுறாய்."
கல்யாணமான புதிதிலும் இதையே சொன்னார்.
அப்போது எங்களிடம் கார் இல்லை.

மேசையில் மூன்று பெட்டிகள்.
வெள்ளைப் பெட்டியில் செராமிக்.
சத்தமில்லை, தூசில்லை,
அதிகாலை ஷிப்டுக்குப் போய்வரப் போதும்.
மலையிறக்கத்தில் மட்டும், நாலாவது மிதியில்
கால் பஞ்சுக்குள் இறங்கும்.
நீலம் பந்தயத்துக்கானது.
முந்நூற்றுத் தொண்ணூறு டொலர்.
சுட்டால்தான் கடிக்கும்.
"காலை ஐந்தரைக்கு, முதல் சிக்னலில்?" என்று கேட்டேன்.
குர்பான் அலி உதட்டைப் பிதுக்கினார்.
"அந்த நேரம் அதற்கு உன்னை யாரென்றே தெரியாது."

ரூபனுக்கு போன் போட்டு மேசையில் வைத்தேன்.
"நீலம்."
"வெள்ளை."
"அப்ப முன்சில்லுக்கு என்ரை, பின்சில்லுக்கு உன்ரை."
தமிழ் தெரியாத குர்பான்
குரலை வைத்தே கணக்கைப் பிடித்துவிட்டார்.
"முன்னும் பின்னும் வேறுவேறாய்க் கடித்தால்
மழையில் சுழலும்.
இரண்டு பேரோடும் சேர்த்து."
நாங்கள் இருவரும் ஒரே காரில் ஏறி
இரண்டு வருடமாகிறது
என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு பழையதைக் கொண்டுவந்து வைத்தார்.
ஒரே சக்கரத்தின் இரண்டு பேட்.
வெளிப்பக்கத்தது ஏழு மில்லிமீட்டர்.
உள்பக்கத்தது
நகத்தளவுகூட இல்லை.
"ஆர் தேய்ச்சது?" போனுக்குள்ளிருந்து ரூபன்.
நானும் அதையேதான் கேட்க இருந்தேன்.

குர்பான் ஒரு சின்ன ஊசியைத் தூக்கிக் காட்டினார்.
ஊசி அல்ல, விரல் நீளத்தில் ஓர் இரும்புக் குச்சி.
துருப்பிடித்து,
மழைக்காலக் கதவுபோல் இறுகியிருந்தது.
"இது நழுவ வேண்டும். நழுவவில்லை.
அதனால் யார் மிதித்தாலும்
எல்லாவற்றையும் ஒரு பக்கமே வாங்கியிருக்கிறது."

போனில் மூச்சு மட்டும் கேட்டது.
"சரி," என்றார் ரூபன் கொஞ்சம் பொறுத்து,
"நீயே பார்த்துப் போடு."

மூன்றாவது பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.
குளிரிலும் கடிக்கும், சூட்டிலும் தாங்கும்,
சக்கரம் முழுக்கக் கரி பூசும்.
கரியைக் கழுவலாம்.

இரவு, தெற்கு கிப்ஸ்லாண்ட் நெடுஞ்சாலை.
புதுப் பேட் பழக வேண்டும்.
எண்பதிலிருந்து இருபதுக்கு, பத்து முறை.
முழுதாய் நிற்கக் கூடாது என்று
இருமுறை சொல்லி அனுப்பியிருந்தார்.
சூட்டோடு நின்றால் அந்த இடத்தில்
தட்டில் அச்சு விழுந்துவிடுமாம்.
ஆறாவதில் எரிந்த மணம்.
ஒன்பதாவதில் பட்டி என் தோளைப் பிடித்தது.
பத்தாவதில் இருபதைத் தொட்டு,
நிற்கிற ஆசையை விட்டு,
காலை எடுத்தேன்.

நாளை ஞாயிறு.
முன்னறைப் பெட்டிக்குள்
செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன்,
தடித்ததும் மெலிந்ததும்
ஒன்றன்மேல் ஒன்றாய்.
கூடவே பில்.
அவர் பங்கு நூற்றுமுப்பத்தேழரை டொலர்.
கிரீஸுக்கு
குர்பான் அலி காசு வாங்கவில்லை.