ஏழாவது கேள்வி

"உங்களிடம் உள்ளவற்றில்
மிகப் பாதுகாப்பான இயங்குதளம் எது?"
பதிலுக்கு ஒரு விரல் அகலம் இடம்.
டிரோம்சோவிலிருந்து தணிக்கைக்கு வந்த ஈடுன்
ஈரக் கையுறையை ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டுக்
காத்திருக்கிறாள்.
வார்டோவில் ஜனவரி, முற்பகல் பதினொன்று.
சூரியன் வர இன்னும் ஒரு வாரம்.

வாசலில் நிற்பது ஓபன்பிஎஸ்டி.
பத்து வயதுப் பெட்டி, மின்விசிறிகூடக் கிடையாது.
யார் தட்டினாலும் முதல் பதில் 'இல்லை'.
பிறகுதான் நீ யார், எந்தப் போர்ட், என்ன வேலை.
சேர்ந்த புதிதில், வீட்டிலிருந்தபடி,
ஒரு வரியைத் தப்பாக எழுதி
என்னையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டேன்.
நள்ளிரவில் கடலடிச் சுரங்கம் வழியாக
வண்டி ஓட்டி வந்து, விசைப்பலகையைச் செருகி,
மன்னிப்புக் கேட்காத குறையாக உள்ளே போனேன்.
அதன்மேல் நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அதற்கு நண்டு நிறுக்கத் தெரியாது.
லேபிள் பிரின்டரைக் காட்டினால்
முன்பின் பார்த்ததில்லை என்று முகம் திருப்பும்.

நிறுப்பது டெபியன்.
எதைச் செருகினாலும் 'வா' என்கிற சுபாவம்:
தராசு, பிரின்டர்,
ஒட்வார் எங்கிருந்தோ தூக்கிவந்த பழைய ஸ்கேனர்.
அவன் கையுறை கழற்றாமலே பொத்தானை அமுக்குகிறான்.
ராஜ நண்டு, நாலு கிலோ இருநூறு.
ஒட்டுத்தாள் வருகிறது. லாரி கிளம்புகிறது.
பாதுகாப்பு என்று வாயெடுத்தால்
"நண்டு அதுவரை உயிரோடிருக்குமா?" என்பான்.

கணக்கு இருப்பது ஃப்ரீபிஎஸ்டியில்.
ஒரு பருவத்துப் பிடிப்பு முழுவதையும்
ஒட்வார் ஒரே அமுக்கில் அழித்த பிற்பகல்,
பத்து நிமிடம் முந்தைய நிலையை
அது அப்படியே எடுத்துக் கொடுத்தது.
அவன் அழுததை நான் பார்க்கவில்லை என்று
இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

"எல்லாமே திறமூலம்," என்கிறாள் ஈடுன்,
"பூட்டின் வரைபடமே ஊருக்குத் தெரியும்."
தெரியும். திருடனும் படிக்கலாம், கொல்லனும் படிக்கலாம்.
"அத்தனை பேர் பார்க்கிறார்களே, அது பலம்தானே?"
பார்க்கலாம்.
பார்த்தார்களா என்பது வேறு.
விடியாத ஒரு டிசம்பரில் நானும் உட்கார்ந்து பார்த்தேன்.
நாற்பது வரி, பதினோரு மாலைகள்.
நடுவில் யாரோ ஒரு குறிப்பு விட்டிருந்தார்:
'இதைப் பிறகு சரிசெய்ய வேண்டும்.'
அந்தப் 'பிறகு'க்குப் பத்தொன்பது வயது.
குறிப்பில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது.
திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.
உலகப் பாதுகாப்புக்கு என் பங்கு அவ்வளவே.

ஈடுனின் கண் தராசின்மேல் நிற்கிறது.
அங்கே ஒட்வாரின் தடித்த எழுத்தில், மீனெண்ணெய்க் கறையோடு,
பாஸ்வேர்டு.
அவள் பார்த்தாள். நான் பார்த்தேன்.
ஒட்வார் மெதுவாக வந்து
அதன்மேல் ஒரு நண்டை வைத்தான்.

போன நவம்பரில் மகளுக்குக் காய்ச்சல்.
ஒரே ஒரு வாரம் பேட்ச் போடவில்லை.
அந்த ஏழு நாளின் லாக்கை
இன்னமும் வயிறு கலங்கித்தான் படிக்கிறேன்.
ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை.

பேனாவை வாங்கி
அந்த ஒரு விரல் இடத்தில் எழுதினேன்:
செவ்வாய்க்கிழமை இரவு.

ஈடுன் இரண்டு தடவை படித்தாள்.
எட்டாவது கேள்வி
தீயணைப்பான் பற்றியது.