இருந்தது இருந்தபடி

டெண்டர் தாளின் அடியில் ஒரே வரி:
இருந்தது இருந்தபடி, இருந்த இடத்திலேயே.
லாட் எண் நாற்பத்தொன்று.
மூன்று டன் ராணுவ லாரி ஒன்று,
ஜெனரேட்டர் இரண்டு,
கேட்காமலே கூட வந்த
கிழிந்த கித்தான் ஒரு கட்டு.
பாரத்தில் கையெழுத்துப் போட்டது பார்த்திபன்.
பணம் என் ஈபிஎஃப்.
கிராண்டும் என் பெயரில்தான் எழுதினோம்.
நல்லதாய்ப் போயிற்று.

சுங்கைப்பட்டாணி முகாமிலிருந்து ஜூருவுக்கு
லோ-லோடர் வாடகை
லாரி விலையில் கால் பங்கு.

பச்சை நிறத்தோடு ரோட்டில் ஓடக்கூடாது என்றார்கள்.
சுரண்டினேன்.
பச்சைக்குக் கீழே வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே மறுபடியும் பச்சை.
யார் சண்டையை விலக்கப் போய் வந்ததோ.
காற்று வடிகட்டியைத் தட்டினால்
மாவுபோல் வெளுத்த மண் உதிர்ந்தது.
இத்தனை காய்ந்த மண் பினாங்கில் ஏது?
இங்கே தூசுகூட ஈரம்.

ஓட்டுநர் தலைக்கு மேலே, கூரையில்,
பென்சில் கோடுகள், ஐந்தைந்தாய்.
எண்ணினேன். நூற்றுப் பதினேழு.
நூற்றுப் பதினெட்டாம் நாள்
வீட்டுக்குப் போயிருப்பான்,
அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.
லாரி முழுக்க ஆரஞ்சு அடித்தேன்,
அந்த ஒரு கையகல இடத்தை விட்டு.

இருபத்துநாலு வோல்ட்.
பன்னிரண்டும் பன்னிரண்டும் கோத்துக் கட்டியது.
ஒன்று படுத்தால்
மற்றதையும் இழுத்துக்கொண்டு படுக்கும்,
மாற்றினால் ஜோடியாய் மாற்று என்றான்
பேட்டரிக் கடை லிம்.
பார்த்திபன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் அந்த வாரம்தான்.
பிடிவாதத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றினேன்.
மூன்று மாதம் ஓடியது.
பிறகு லிம் சொன்னபடியே ஆயிற்று,
பேட்டரி விஷயத்தில்.

ஜெனரேட்டர் சங்கதி வேறு.
அதைச் சும்மா ஓடவிட்டால் கெட்டுப்போகும்.
சுமையில்லாத இஞ்சினில் டீசல் முழுதாய் எரியாமல்
கறுத்துப் பிசுபிசுத்து
புகைக்குழாய் வாயில் கோழைபோல் ஒழுகும்.
வேலை கொடுக்க வேண்டும். முக்க விட வேண்டும்.
அந்தச் சூட்டில்தான் உள்ளே சுத்தமாகும்.

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கு நாலு நாள்,
கல்யாணங்கள் ஏழோ எட்டோ.
மற்ற நாளெல்லாம் எதை முக்கும்?
ஆகவே ஞாயிறு விட்டு ஞாயிறு
வாட்டர் ஹீட்டர் இரண்டு,
துணி இல்லாமல் சூடாகும் இஸ்திரிப்பெட்டி,
பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய
ஹாலோஜன் விளக்கு எட்டு.
வெளிச்சம் கண்ணில் அடித்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
நகராண்மைக் கழகம் மறந்துபோன திடல்.
அங்கே திருப்பி வைத்தேன்.

முதல் நாள் ஒரு பையன் பந்தோடு வந்தான்.
அடுத்த முறை ஆறு பேர்.
இப்போது இரண்டு அணி, ஒரு விசில்,
கோல் கம்பத்துக்கு என் காலி எண்ணெய் டின்கள்.
ஹக்கிமியின் அம்மா கறிபாப் கொடுத்தனுப்பினாள்.
தர்மம் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.
இல்லை, எக்ஸோஸ், கரி, என்று
எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன்.
தலையாட்டிச் சிரித்தாள்.
அடுத்த வாரமும் கறிபாப் வந்தது.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல்.
எட்டரை இருக்கும், கேட்டைத் தட்டினார்கள்.
வெய் ஜியே, ஹக்கிமி, பெயர் தெரியாத நாலைந்து பேர்;
முன்னால் தள்ளிவிடப்பட்ட குட்டையன் தர்வின்,
பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு:
"அக்கா, மெஷினுக்கு
இன்னிக்குச் சுமை வேணாமா?"

போர்வையோடு போனேன்.
ஹீட் பட்டனை இருபது எண்ணி அழுத்தி
ஸ்டார்ட் திருப்பினேன்.
வெள்ளையாய் ஒரு புகை,
கறுப்பாய் ஒன்று,
அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சூடு மட்டும்.
முள் மெல்ல ஏறி அறுபதில் நின்றது.
திடலில் யாரோ கோல் போட்டு
சட்டையைக் கழற்றிச் சுற்றினார்கள்.
எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.
எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.