நாலு ஒழுங்கை

குபான் ஆறு இஞ்ச ஒருவருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும். எண்பத்தாறில்
அதன் கரையில் காது விறைக்க
முக்காலி நட்டு நில அளவை படித்தேன்.
அர்மவீர் என்று ஊர்.
சூரியகாந்தி எண்ணெய் மணக்கும் தெருக்கள்,
வியாழக்கிழமை மட்டும் மீன் தரும் கன்ரீன்.

கூடப் படித்த கரபெத்
சுவடிக்கூடத்து வரைபடம் ஒன்றைக்
கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான்.
மலையிலிருந்து இறங்கிய அர்மீனியர்
ஆற்றோரம் போட்ட குடியிருப்பு.
நாலு பகுதி. நாலுக்கும்
விட்டுவந்த மலையூர்களின் பெயர்.
வீட்டில் பேசியது சர்க்காசியம்.
சொந்த மொழியைச் சொல்லிக்கொடுக்க
வெளியிலிருந்து குருவானவர் வரவேண்டியிருந்தது.
பிறகு ஒருநாள்
தங்களில் எவரும் கண்டிராத
பழைய தலைநகர் ஒன்றின் பெயரை
அந்தச் சேற்றுக்கு வைத்தார்கள்.

"அரசன் இல்லை, அரண்மனை இல்லை,
துணிச்சலைப் பார்" என்றான் ரஷ்ய மொழியில்.
அவனுக்கும் அர்மீனியம் வராது.

நான் சிரித்தேன்.
அப்போது எனக்கு ஊர் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் திரும்பினேன்.
ஊறணி முள்ளுக்கம்பிக்கு உள்ளே,
சனம் மல்லாகத்தில் தகரத்துக்குக் கீழே.
முகாம் கிணற்றடியில் நின்று எண்ணினேன்:
ஊறணி ஒழுங்கை, மயிலிட்டி ஒழுங்கை,
தையிட்டி ஒழுங்கை, பலாலி ஒழுங்கை.
எவரும் கூடித் தீர்மானித்ததில்லை.
தண்ணிக்கு வரிசை நின்றபோது
தானாகப் பிரிந்த கோடுகள்.
கரபெத்தின் வரைபடத்தை
ஆரோ வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள்.

அவனது கடிதம் ஒன்று, கொழும்பு சுற்றி,
ஒன்பது மாதம் பிந்தி வந்தது.
இல்லாமற்போன நாட்டின் முத்திரை,
மேலே புது நாட்டின் பெயர் அச்சடித்து.
"பாகூவிலிருந்து ஓடிவந்த அர்மீனியரால்
ஊர் நிரம்பிவிட்டது.
எங்களை அவர்கள் அர்மீனியர் என்று
ஒப்புக்கொள்வதில்லை."
பதில் எழுதத் தாள் இருந்தது.
தபால் இல்லை.

இருபத்தேழு வருடம் கழித்துக் கம்பி விலக,
ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டு
அளக்கச் சொன்னார்கள்.
வேலி இல்லை, மதில் இல்லை.
பழைய வரைபடத்தோடு ஒத்துப்போனது
இடிபாடு கொட்டி மூடிய கிணறு ஒன்றுதான்.
அதையே நிலைப்புள்ளியாக்கி
மற்றதெல்லாம் அளந்தேன்.

எமிலியானா தன் துண்டுக்காணிக்கு வந்தாள்.
கூட மகன் றெஜினோல்ட், மல்லாகத்தில் பிறந்தவன்.
கடற்காற்றில் கண் கரிக்குது என்றான்.
ஓட்டோ அங்க, கடன் அங்க,
கட்டப்போகிற பெட்டையும் அங்க.
"எங்கட ஊர் எது எண்டு கேட்டா
ஊறணி ஒழுங்கை எண்டுதானே சொல்லுவன்,
அது மல்லாகத்திலதானே இருக்கு."
தாய் ஒன்றும் பேசவில்லை.
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

படிவத்தில் "பூர்வீக இடம்" என்று
ஒரு பெட்டி, ஒரு விரல் அகலம்.
எதை எழுத, என்றாள் எமிலியானா.
உத்தியோகத்தர் மேசையைத் தட்டினார்.
நான் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து,
பென்சில் கூராக இருக்கிறதா என்று பார்த்து,
அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்
இன்னொரு பெட்டி வரைந்தேன்.

அது செல்லாது என்றார்கள்.
தெரியும்.